அளவு வேண்டாம்

ஜூலை 3, திங்கள்

ஜூன் மாதப் பாதுகாப்பு அறிக்கையை அனுப்பியாயிற்று. பதினான்கு கேள்விகள், பதினான்குக்கும் டிக். கடைசியில் ஒரு கட்டம்: 'பெறப்பட்ட புகார்கள்'. 'இல்லை' என்று எழுதினேன். மார்ச்சில் இந்த வேலைக்கு வந்ததிலிருந்து இது நான்காவது 'இல்லை'.

காது கேளாத பிள்ளைகளுக்கு எங்கள் மையத்தில் தங்கிப் படிக்கும் பயிற்சி. பெண்கள் பத்தொன்பது பேருக்குத் தையல், பையன்கள் பதினாறு பேருக்குக் கணினி. எல்லோரும் பதினெட்டு வயதைத் தாண்டியவர்கள். இருபது வருடம் கல்லூரியில் சமூகவியல் நடத்திய எனக்கு இங்கே பெயர் 'தரம் மற்றும் பாதுகாப்பு அலுவலர்'. வரவேற்பறைச் சுவரில் சுவரொட்டி ஒன்று இருக்கிறது: 'தயங்காமல் அழையுங்கள்'. அதன் கீழே என் கைபேசி எண். காது கேளாத பிள்ளைகள் என்னைத் தயங்காமல் அழைக்க வேண்டுமாம். முதல் நாள் சிரித்தேன். அதன்பிறகு அது கண்ணில் படுவதே இல்லை.

புகார்ப் பெட்டியில் இரண்டு சீட்டுகள் இருந்தன. ஒன்று 'வியாழன் முட்டை இல்லை'. மற்றது 'சார் அளவு வேண்டாம் நான் மெஷின்'. கையால் பேசி வளர்ந்த பிள்ளைகள் எழுதும் தமிழில் வேற்றுமை உருபெல்லாம் எதிர்பார்க்க முடியாது. தையல் பயிற்றுநர் சபாபதியிடம் காட்டினேன். மையத்தில் சைகை மொழி தெரிந்தவர் அவர் ஒருவர்தான். அவருடைய அப்பா, அம்மா இருவருமே காது கேளாதவர்கள்.

"அளவெடுக்கிற பாடம் போரடிக்குதாம் மேடம். மெஷின்ல உக்காரணுங்கா" என்று சிரித்தார். சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இசக்கி கையெழுத்து மாதிரில்லா இருக்கு?"

'பாடம் குறித்த கருத்து' என்று குறித்துக் கோப்பில் வைத்தேன். முட்டைக்கு நிர்வாகியிடம் சொன்னேன்.

ஜூலை 5, புதன்

வீட்டில் சமையலறைத் தொட்டியில் தண்ணீர் இறங்க மறுக்கிறது. வெந்நீர், சோடா உப்பு எல்லாம் ஊற்றிப் பார்த்தாயிற்று.

ஜூலை 11, செவ்வாய்

பிள்ளைகளுக்குக் கணக்குத் தொடங்க வங்கிக்கு அழைத்துப் போனோம். அங்கே ஆபிதா என்றொரு குமாஸ்தா. இளம்பெண், முக்காடு, மூக்குக் கண்ணாடி. படிவத்தை நீட்டியவள், சபாபதி வாயைத் திறக்கும் முன்பே பெண்களோடு கையால் பேச ஆரம்பித்துவிட்டாள். மேலப்பாளையத்துக்காரி, அக்காவுக்குக் காது கேளாதாம். பெண்கள் அவளைச் சூழ்ந்துகொண்டு ஐந்து நிமிடம் கைகளால் கொட்டித் தீர்த்தார்கள். இவர்களுக்குள் இவ்வளவு பேச்சு இருக்கிறதா என்று ஆச்சரியமாக இருந்தது.

சபாபதிக்கு முகம் சுருங்கிவிட்டது. "நேரமாச்சு மேடம், வண்டி நிக்குது" என்றார். வண்டி எங்கள் வண்டிதான். அது எவ்வளவு நேரமும் நிற்கும்.

திரும்பியதும் தையல் வகுப்பை எட்டிப் பார்த்தேன். பதினெட்டுப் பேர் மெஷினில் இருந்தார்கள். இசக்கியம்மாள் மட்டும் ஒரு மூலையில் உட்கார்ந்து பிசிறு நூல் வெட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பத்தொன்பது வயது. கடையநல்லூர்ப் பக்கம் ஊர், அப்பா செங்கல் சூளையில். வகுப்பிலேயே தையல் சீராக வருவது அவளுக்குத்தான்.

"என்ன சார், இவ மெஷின்ல இல்லையா?"

"பிடிவாதம் மேடம். ஒரு வாரமா இப்படித்தான். வீட்டு ஞாபகம்னு சொல்லுதா."

அவள் கை எதுவும் சொன்னதாக நான் பார்க்கவில்லை. கத்தரிக்கோலைப் பிடித்திருந்தாள்.

ஜூலை 12, புதன்

பல் டாக்டர். வாயெல்லாம் கிராம்பு எண்ணெய். வேறொன்றுமில்லை.

ஜூலை 18, செவ்வாய்

நிதி தரும் நிறுவனத்திலிருந்து ஓர் அம்மாள் பார்வையிட வந்தார். பட்டுச் சேலையும் ஈரக் கண்களுமாக இருந்தார். இந்தப் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் ஒரு சைகைப் பெயர் வைப்பார்கள் என்று சபாபதி விளக்கினார். ஆளைப் பார்த்ததும் பளிச்சென்று தெரிவதுதான் பெயர். நிர்வாகி குணசீலனுக்குத் தொப்பை. விடுதிக் காப்பாளர் பேச்சியம்மாளுக்குச் சாவிக்கொத்து. எனக்கு, உள்ளங்கையில் சுட்டுவிரலால் ஒரு கீற்று. "எழுதுறவங்கன்னு அர்த்தம்" என்றார் சபாபதி. உள்ளூர மகிழ்ந்தேன்.

"உங்களுக்கு?" என்று அம்மாள் கேட்டார். சபாபதி தாடையைத் தொட்டுக் காட்டினார். சின்ன வயதில் விழுந்த தழும்பு. பையன்களும் சிரித்துக்கொண்டே தாடையைத் தொட்டார்கள்.

பின்வரிசையில் இரண்டு பெண்கள் அவரைக் கண்ணால் காட்டித் தங்களுக்குள் ஏதோ பேசினார்கள். அவர்கள் கை தாடைக்குப் போகவில்லை. இல்லாத ஓர் இஞ்சு டேப்பை முதுகுப் பக்கத்திலிருந்து முன்னால் கொண்டுவந்து, நெஞ்சில் சேர்த்து, கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்தினார்கள். தையல் வாத்தியாருக்கு டேப் பொருத்தம்தான். ஒரே ஆளுக்கு இரண்டு பெயர் ஏன் என்று மட்டும் தோன்றியது.

அம்மாள் போகும்போது, "இவங்க உலகமே எவ்வளவு அமைதியா இருக்கு!" என்றார். தலையாட்டிவிட்டு வருகைப் பதிவேட்டை நீட்டினேன்.

ஜூலை 21, வெள்ளி

பேச்சியம்மாள் மதியம் என் அறைக்கு வந்து மின்விசிறிக்கு அடியில் நின்றுகொண்டார்.

"ஏ மேடம், நீங்க படிச்சவிய, சொல்லுங்க. இம்புட்டு வெக்கையில இந்தப் பிள்ளைய ஒண்ணுகூட அந்த யூனிபார்ம் நீலக் கோட்ட கழத்த மாட்டேங்குதுவ. கழுத்து வரைக்கும் பித்தான் போட்டுட்டு வேர்த்து ஊத்துதுவ. தையல் கிளாஸுக்குப் போகையில மட்டுந்தான். விடுதிக்கு வந்ததும் கழத்தி எறியுதுவ."

"கேட்டீங்களா?"

"கேட்டா கையக் கைய ஆட்டுதுவ. எனக்கு என்ன எழவு தெரியும்? சபாபதி சார்ட்ட கேட்டேன், ஃபேஷனாம்லா."

"ஃபேஷனா?"

"நான் அப்பவே நெனச்சேன், இந்தக் கோட்டுல என்ன ஃபேஷன் வச்சிருக்குன்னு. சாக்கு மாதிரி இருக்கு." கொஞ்சம் நின்றுவிட்டுச் சொன்னார்: "ஆகஸ்ட் ஏழாந்தேதி திருப்பூர் கம்பெனிக்கு ஒரு மாசம் ட்ரெயினிங்குக்குக் கூட்டிட்டுப் போறாவல்லா? கூடப் போறது சபாபதி சார்தான? இசக்கி அந்த லிஸ்ட்டக் கிழிச்சுப் போட்டுட்டா மேடம். மூணு நாளா சோறும் எறங்கல."

பார்க்கிறேன் என்றேன்.

கல்லூரியில் என் கடைசி வருடம் ஒரு மாணவி அறை வாசலில் வந்து நின்றாள். 'எது சொல்வதானாலும் எழுதிக் கொண்டு வாம்மா' என்றேன். அது வேறு விஷயம். இங்கே அதை எழுத வேண்டியதில்லை.

ஜூலை 24, திங்கள்

குழாய் ரிப்பேர்க்காரர் வந்தார். மூடியைத் திறந்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"எத்தன நாளாம்மா இந்த வாட?"

"மூணு வாரம் இருக்கும்."

"மூணு வாரமா? எப்பிடிம்மா சமைச்சு சாப்பிட்டிய?"

பழகிவிட்டது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. கம்பியை விட்டு இழுத்தார். வந்ததை எழுத மாட்டேன்.

ஜூலை 26, புதன்

இன்றைக்குத் தையல் வகுப்பில் பத்து நிமிடம் உட்கார்ந்தேன். நான் இருந்தவரை சபாபதி கரும்பலகையை விட்டு நகரவில்லை. டேப் அவர் கழுத்தில் மாலையாகக் கிடந்தது. அளவெடுக்கும் பாடத்துக்கு என்ன வைத்துச் சொல்லித் தருகிறீர்கள் என்று கேட்டேன்.

"ஒருத்தரை ஒருத்தர் அளப்பாங்க மேடம். ஆள வச்சு அளந்தாத்தான் கை பழகும். மொதல்ல நான் எடுத்துக் காட்டுவேன்."

"பொம்மை இருக்குமே?"

"அது இருக்கு... எங்கயோ."

சரக்கறைச் சாவியைப் பேச்சியம்மாளிடம் வாங்கிக்கொண்டு போனேன். பழைய மெஷின் பெட்டிகளுக்குப் பின்னால் அளவு பொம்மை நின்றது. கழுத்திலிருந்து இடுப்பு வரை உள்ள பெண் உடல். பாலிதீன் உறை பிரிக்கப்படவே இல்லை. விலைச்சீட்டு அப்படியே தொங்கியது. உறையின்மேல் ஒரு விரல் கனத்துக்குத் தூசி.

மார்ச் மாத ஆய்வுப் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். 'அளவு பொம்மை – உள்ளது'. பக்கத்தில் என் டிக். நேரில் வந்து பார்த்ததாகக் கையெழுத்தும் போட்டிருக்கிறேன்.

தூசியில் என் விரல் பட்ட தடம் இன்றுதான் விழுந்தது.

ஜூலை 28, வெள்ளி

இந்த நாட்குறிப்பில் ஜூலை 3-ஐத் திரும்பப் படித்தேன். சீட்டை யாரிடம் காட்டினேன் என்பதை என் கையெழுத்திலேயே எழுதி வைத்திருக்கிறேன். அந்த வாரமே இசக்கி மூலைக்குப் போனாள். அந்தத் தாளைக் கிழிக்கலாம் போல் இருந்தது. கிழிக்கவில்லை.

கல்லூரி மாணவி எழுதிக் கொண்டு வரவில்லை. பரீட்சைக்கும் வரவில்லை.

மாலை வங்கிக்குப் போனேன். ஆபிதா கல்லாவை மூடிக்கொண்டிருந்தாள். ஒரு பெண்ணோடு பேச வேண்டும், மையத்து ஆள் யாரும் நடுவில் இருக்கக் கூடாது, உதவ முடியுமா என்று கேட்டேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "அன்னிக்கே அந்தப் பிள்ளைங்க சொன்னாங்களே மேம். நீங்க அவங்ககூட நின்னீங்க. உங்களுக்குத் தெரியும், நடவடிக்கை எடுத்துட்டிருக்கீங்கன்னு நெனச்சேன்."

ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லிவிட்டு வந்தேன். பேருந்தில் நின்றுகொண்டே வந்தேன், இடம் இருந்தும்.

ஜூலை 30, ஞாயிறு

காலை பத்தரைக்கு இசக்கியை என் வீட்டுக்குப் பேச்சியம்மாள் அழைத்து வந்தார். ஆபிதாவும் வந்தாள். வெங்காய ரவை உப்புமா செய்திருந்தேன். இசக்கி தொடவில்லை.

ஐந்து மாதத்தில் நான் கற்ற சைகைகள் நான்கு: வணக்கம், சாப்பிட்டாயா, நல்லது, வேண்டாம். நான்கையும் கைவசம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீ சொல்வதை எழுதிக்கொள்ளலாமா, வேண்டாமென்றால் வேண்டாம் என்று ஆபிதா வழியாகக் கேட்டேன். இசக்கி வெகுநேரம் என் பேனாவைப் பார்த்தாள். பிறகு சரி என்று தலையை ஆட்டினாள்.

அவள் சொன்னதை மூன்று தாளில் எழுதியிருக்கிறேன். அவை இங்கே இல்லை, பீரோவில் இருக்கின்றன. இங்கே இவ்வளவு போதும்: ஒவ்வொரு பெண்ணையும் தனித்தனியாக, கதவைச் சாத்தி, 'பாடம்' என்று அளந்திருக்கிறார். இவளை ஏழு முறை. ஒருத்தியின் அளவு ஐந்து மாதத்தில் ஏழு முறை மாறாது என்று இவளுக்குத் தெரியும், நல்ல தையல்காரி அல்லவா. வேண்டாம் என்று கையால் சொன்னாள். காகிதத்தில் எழுதிப் பெட்டியில் போட்டாள். நான் அதை அவரிடம் காட்டிய மறுநாள், அந்தக் காகிதம் போலவே ஒன்றை எழுதிக் காட்டி, அவர் அவள் முன்னால் கிழித்துப் போட்டாராம்.

அந்த டேப் சைகையை அவள் செய்யும்போது ஆபிதா மொழிபெயர்க்காமல் நிறுத்தினாள்.

"இது அந்த ஆளோட பேரு மேம். பொம்பளப் பிள்ளைங்க மட்டும் வச்ச பேரு. புதுசா யாராவது சேந்தா மொதல்ல இதத்தான் சொல்லிக் கொடுப்பாங்களாம். பேரும் இதான், எச்சரிக்கையும் இதான்."

என் எதிரிலேயே ஐந்து மாதம் இந்தப் பெண்கள் தினமும் புகார் செய்திருக்கிறார்கள்.

"தொட்டுத்தான் கூப்பிடுவோம், அது எங்க பழக்கம்னு அவர் சொன்னால்?" என்றேன்.

ஆபிதா என் தோளின் வெளிப்பக்கத்தில் இரண்டு விரலால் தட்டினாள். "கூப்பிடத் தொடுறது இங்க. எங்க அக்கா என்னைய ஒரு நாளைக்கு நூறு தடவ தொடுவா. அளக்கிறதுக்கும் இதுக்கும் வித்தியாசம் இவளுக்குத் தெரியாதா மேம்?"

பேச்சியம்மாள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, "நாசமாப் போற பய. அவன் கையில நாந்தான் டீ டம்ளர நீட்டினேன்" என்றார்.

கிளம்பும் முன் ஆபிதாவிடம் என் சைகைப் பெயரைக் காட்டி, எழுதுபவள்தானே என்று கேட்டேன். ஏன் கேட்டேனோ. அவள் இசக்கியைப் பார்த்தாள். இசக்கி குனிந்துகொண்டாள்.

"எழுதுறது இப்படி மேம்" என்று ஆபிதா உள்ளங்கையில் விரலை வரிவரியாக ஓட்டினாள். "உங்களது... டிக்."

ஜூலை 31, திங்கள்

நிர்வாகி குணசீலன் மூன்று தாளையும் நின்றபடியே படித்தார். பிறகு உட்கார்ந்தார்.

"அளவெடுக்கிறது பாடத்திட்டத்துலயே இருக்கு மேடம்."

"பொம்மையும் பாடத்திட்டத்துல இருக்கு சார். பாலிதீன்கூடப் பிரிக்கல."

"இருக்குன்னு நீங்கதான டிக் பண்ணியிருக்கிய?"

"ஆமா. அதையும் எழுதித் தர்றேன்."

இதை அவர் எதிர்பார்க்கவில்லை. குரலை இறக்கினார். "பாருங்க, சபாபதி போயிட்டாருன்னா இந்த மையத்துக்கு ஆளே கிடையாது. சைகையெல்லாம் ஆளாளுக்கு ஒரு அர்த்தம் சொல்லலாம். அந்த பேங்க் பிள்ளைக்கு என்ன சர்டிபிகேட் இருக்கு? ஒண்ணு செய்வோம், இசக்கிய ஊருக்கு அனுப்பிருவோம். பத்திரமா இருக்கும்லா?"

"யாருக்குப் பத்திரம் சார்?"

மேசைமேல் பிஸ்கட் தட்டு. அவர் ஒன்றை எடுத்து டீயில் நனைத்தார். அது உடைந்து உள்ளே விழுந்தது. கரண்டியால் தேடி எடுத்துச் சாப்பிட்டார். நான் எழுந்து வந்துவிட்டேன்.

வராந்தாவில் சபாபதி. செய்தி அதற்குள் போய்விட்டது.

"மேடம், நான் இந்தப் பிள்ளைகளுக்கு அண்ணன் மாதிரி. கையால பேசியே வளந்தவன். எங்க உலகம் உங்களுக்குப் புரியாது."

புரியவில்லைதான். ஆனால் பாலிதீன் உறை புரிந்தது. நான் அவர் கழுத்தில் கிடந்த டேப்பைப் பார்த்தேன். அதைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டார்.

ஆகஸ்ட் 2, புதன்

இசக்கியின் அப்பா வந்தார். கை முழுக்கச் செம்மண் வெடிப்பு. "ஊருக்குத் தெரிஞ்சா வெக்கம் தாயி, கூட்டிட்டுப் போயிருதேன்" என்றார். இசக்கி அவர் கையைப் பிடித்து நிறுத்தித் தன் நெஞ்சைத் தட்டி, கால் மிதிப்பதுபோலக் காட்டி, இரு கையாலும் துணியைத் தள்ளிக் காட்டினாள். ஆபிதா இல்லாமலே எனக்குப் புரிந்தது. நான், மெஷின்.

அப்பா அழுதார். பிறகு, போலீசுக்கு எழுதி வைத்திருந்த மனுவைக் காட்டி, எங்கே ரேகை வைக்க வேண்டும் என்று கேட்டார். "உங்க பொண்ணே கையெழுத்துப் போடுவா" என்றேன்.

மகளிர் காவல் நிலையத்தில் நான்கு மணி நேரம். ஆபிதா அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்தாள். ஆய்வாளர் பெண்மணி அவசரப்படுத்தவில்லை. இசக்கியின் கை நிற்கும்வரை காத்திருந்தார். இன்னும் ஆறு பெண்கள் நாளைக்கு வருகிறார்கள்.

ஆகஸ்ட் 3, வியாழன்

மதியம் முட்டை போட்டார்கள்.

ஆகஸ்ட் 7, திங்கள்

திருப்பூர் வண்டி காலை ஆறு மணிக்குப் புறப்பட்டது. கூடப் போவது பேச்சியம்மாள். "எனக்குச் சைகையும் தெரியாது, திருப்பூரும் தெரியாது. கதவச் சாத்த விடாமப் பாத்துக்கிடத் தெரியும்" என்றார். சபாபதி வியாழனிலிருந்து வரவில்லை. முன்ஜாமீனுக்கு மனு போட்டிருப்பதாகக் கேள்வி.

இசக்கி முன்சீட்டில் உட்கார்ந்தாள். நீலக் கோட்டை மடித்து மடியில் வைத்திருந்தாள். பெண்கள் யாருமே கோட்டு போட்டிருக்கவில்லை. என்னைப் பார்த்து, பக்கத்துப் பெண்ணிடம் ஏதோ சொன்னாள். உள்ளங்கையில் அதே ஒற்றைக் கீற்று. என் பெயர் மாறவில்லை. மாறியிருக்க வேண்டும் என்று எதிர்பார்த்தது எனக்கே அருவருப்பாக இருந்தது.

ஆகஸ்ட் 14, திங்கள்

ஜூலை அறிக்கை. பெறப்பட்ட புகார்கள்: 7. இசக்கியுடையதும் ஆகஸ்டில் கொடுத்த ஆறு பேருடையதும்; அடுத்த அறிக்கைவரை காத்திருக்கவில்லை. அதோடு மார்ச், ஏப்ரல், மே, ஜூன் நான்கு மாதத்து 'இல்லை'களையும் திரும்பப் பெறுவதாகத் தனிக் கடிதம் வைத்தேன். அப்படி ஒரு வழக்கமே கிடையாது என்று மேலிடத்திலிருந்து பதில் வந்தது.

குணசீலன் சபாபதிக்கு விடுவிப்புக் கடிதம் கொடுத்துவிட்டார். 'சொந்தக் காரணங்களுக்காக விலகுகிறார். நன்னடத்தை திருப்திகரமானது.' நகல் என் கோப்புக்கு வந்தது. கையெழுத்துக்குக் கீழே எனக்கும் ஓர் இடம் விட்டிருந்தார்கள். அது காலியாகவே இருக்கிறது.

ஆகஸ்ட் 19, சனி

மதியம் கைபேசி அடித்தது. தெரியாத எண். பேசியவர் வேறொரு மாவட்டத்தில் இதே மாதிரி மையம் நடத்துகிறவர். மரியாதையான குரல்.

"மேடம், உங்க மையத்துச் சுவரொட்டியோட படம் ஒண்ணு வலைத்தளத்துல இருந்துச்சு. அதுல இருந்த நம்பர் இதுதான். தப்பா நெனச்சுக்காதீங்க, இது புகார் நம்பரா?"

"ஆமா, சொல்லுங்க."

இந்த எண் புகாருக்கென்று அடிப்பது இதுதான் முதல் முறை.

"புகார் ஒண்ணும் இல்ல மேடம். சபாபதின்னு ஒருத்தர் வேலைக்கு வந்திருக்காரு. லெட்டர் எல்லாம் நல்லாருக்கு. சைகை தெரிஞ்ச ஆளு கெடைக்கிறதே குதிரைக் கொம்பு. பொண்ணுங்க இருபத்தி ரெண்டு பேர் இருக்காங்க, அதான் ஒரு வார்த்தை கேட்டுட்டு எடுக்கலாம்னு. ஆளு எப்படி?"

கோப்பு மேசைமேல்தான் இருந்தது. 'பாடம் குறித்த கருத்து' என்ற அட்டையைத் திறந்தேன். யார் எழுதியது என்று சொல்லவில்லை. சீட்டை மட்டும் உள்ளபடி வாசித்தேன்.

"சார் அளவு வேண்டாம் நான் மெஷின்."

அவர் அதை ஒரு முறை தனக்குள் சொல்லிப் பார்த்தார்.

"மன்னிக்கணும் மேடம், புரியலையே."

"எனக்கும் புரியல சார். ஒரு மாசம் புரியல. இருங்க, சொல்றேன். பேனா எடுத்து எழுதிக்கோங்க."